அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சி: நுரையீரலுக்கு உண்மையில் உதவுவது எது?

ஐந்தாம்மாடி, ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. பெகுப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பகலெல்லாம் உமித் தூசி, ஓய்ந்த நேரத்தில் சுருட்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் காசநோய் வந்தது. ஆறு மாத மருந்தை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டுக் குணமானார். சுருட்டையும் அப்போதே விட்டுவிட்டார். ஆனால் மூச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. போன மாதம் சளியைப் பரிசோதித்தார்கள், காசநோய் மறுபடி இல்லை. ஊதிப் பார்க்கும் சோதனையில் காற்றுக் குழாய்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது. எக்ஸ்ரேயில் பழைய தழும்பும் இருக்கிறது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர்.

நாங்கள் இருப்பது லான்மடோவில் பழைய கட்டடம். ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. செங்குத்தாக 92 படி. அப்பா கீழே இறங்கி நான்கு மாதம் ஆகிறது. பால்கனியில் உட்கார்ந்து கயிற்றை இறக்குகிறார். கீழே பேப்பர்க்காரரும் காய்கறி விற்கும் அம்மாவும் கிளிப்பில் மாட்டி மணியை அசைத்தால் மேலே இழுத்துக்கொள்கிறார். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கயிறு தெரியும். அவருக்கு இப்போது தெரு என்றாலே அந்தக் கயிறுதான்.

மூன்று பந்து இருக்கும் கருவி ஒன்றை மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். தினமும் மூச்சு முட்ட ஊதினார். ஒரு பந்துகூட எழவில்லை, தலைதான் சுற்றியது. "எனக்கு நெஞ்சில் ஒன்றுமே மிச்சமில்லை போலிருக்கிறது" என்று சொல்லி அதை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மனம் விட்டுப்போனவர் மாதிரி இருக்கிறார்.

பயிற்சியால் நுரையீரல் பலப்படுமா? எதைச் செய்யச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெகு_பெரியவர்

தம்பி, பிராணாயாமத்தை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுகிறீர்கள்? நான் நாற்பது வருடமாகச் செய்கிறேன். பூரகம், அதாவது மூச்சை இழுப்பது 16 மாத்திரை (மனதுக்குள் எண்ணும் நேர அளவு); கும்பகம், உள்ளே நிறுத்துவது 64; ரேசகம், வெளியே விடுவது 32. விடியற்காலையில் வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். அதோடு மூச்சை வேகமாக அடித்து வெளியே விடும் கபாலபாதி. எனக்கு 74 வயது, இன்றும் கோவில் படியை ஒரே மூச்சில் ஏறுகிறேன்.

தட்டோன்_கண்ணன்

அண்ணே, எதைச் செய்தாலும் இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். விவரமாக அப்புறம் எழுதுகிறேன், கடையில் இருக்கிறேன்.

செல்வி_மோல்மீன்

தம்பி, நான் இயன்முறை மருத்துவம் படித்தவள். பதினோரு வருடமாக நெஞ்சு நோயாளிகளோடுதான் வேலை. முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் மனதை உடைத்தது அதுதான். அது ஊதுவதற்கு இல்லை, உறிஞ்சுவதற்கு. எவ்வளவு பலசாலி ஊதினாலும் பந்து எழாது. இன்றைக்கே அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். தவறு அவருடைய நெஞ்சில் இல்லை. இன்னொன்று, அது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுத்தே இருப்பவர்களுக்குக் கொடுப்பது. காற்றுக் குழாய் சுருங்கியவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

பலப்படுமா என்று கேட்டீர்கள். தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. ஊதும் சோதனையில் வரும் எண்ணும் பயிற்சியால் பெரிதாக ஏறாது. ஆனால் இருக்கும் நுரையீரலை அவர் இப்போது பாதிதான் பயன்படுத்துகிறார். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சாதாரணமாக ஒருவர் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லி காற்று இழுக்கிறார். அதில் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் பெரிய குழாய்களிலும் நின்றுவிடும். ரத்தத்தோடு சேர்வது மீதி 350தான். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர் உதவுகிறது. இப்போது பயந்துபோய் மேல் மூச்சு வாங்குகிறவரைப் பாருங்கள். 250 மில்லி வீதம் 24 மூச்சு. மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் 150 வீணாகிறது. உதவுவது 100 மில்லி, 24 தரம், அதாவது 2.4 லிட்டர். இரண்டு பங்கு உழைத்தும் கிடைப்பது பாதியை ஒட்டித்தான்.

இதைவிட முக்கியமானது வெளிமூச்சு. உங்கள் அப்பாவுக்குக் காற்று உள்ளே போகாததைவிட, உள்ளே போனது வெளியே வராததுதான் பெரிய தொந்தரவு. சுருங்கிய குழாய்கள் வெளிமூச்சின்போது இன்னும் ஒட்டிக்கொள்ளும். பழைய காற்று வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுக்கிறார். நெஞ்சு பானை மாதிரி உப்பி நிற்கிறது, புதுக் காற்றுக்கு இடமில்லை. "இழு இழு, நன்றாக இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அவருக்கு அது கெடுதல். "விடுங்கள், மெதுவாக விடுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். தோளைத் தளர்த்தி உட்காரட்டும். வாயை மூடி மூக்கால் இழுக்கட்டும், மனதுக்குள் ஒன்று, இரண்டு. பிறகு சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விடட்டும். அழுத்தி ஊதக் கூடாது. எங்கள் நோயாளிகளுக்கு நான் விளக்கை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது. விளக்கை ஊதி அணைக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நினைத்துக்கொள்வதோடு சரி, உண்மையான விளக்குப் புகைக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

குவித்த உதடு ஒரு சின்ன தடை. அதனால் குழாய்க்குள் கொஞ்சம் எதிர் அழுத்தம் நிற்கும். குழாய் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளாது, காற்று முழுதாக வெளியேற நேரம் கிடைக்கும். திணறல் இல்லாத நேரத்தில் ஐந்தைந்து நிமிடமாக நாளுக்கு மூன்று நான்கு தரம் செய்யட்டும். திணறும்போது முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியாது.

பெரியவர் ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கும்பகமும் கபாலபாதியும் இவர் அப்பாவுக்கு வேண்டாம். காற்று ஏற்கெனவே உள்ளே சிக்கிக்கிடக்கிறது. அதை 64 மாத்திரை அடைத்து வைத்தால் என்ன ஆகும்? காசநோய் குழி விழுத்திய நுரையீரலில் வேகமாக அடித்து மூச்சு விடுவதும் ஆபத்து.

வியாசர்பாடி_பர்மா

செல்வி அக்கா சொன்ன பந்துக் கருவி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எங்கள் குடும்பம் 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. அம்மாவுக்கு இங்கே சென்னையில் இதய அறுவை சிகிச்சை நடந்தபோது கொடுத்தார்கள். அம்மாவும் முதல் நாள் ஊதத்தான் செய்தார். அதற்குப் பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலில் குழாய் வைத்து ஊதச் சொன்னார்கள், குமிழி வரும். அது இந்த அப்பாவுக்கு ஆகுமா?

செல்வி_மோல்மீன்

ஆகும், ஆனால் வேலை வேறு. அது சளியை நகர்த்த. காசநோய்க்குப் பிறகு சிலருக்குக் குழாய்கள் விரிந்துபோய்ச் சளி தேங்கும், அவர்களுக்கு நல்லது. குழாயின் நுனி தண்ணீருக்குள் சுமார் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் போதும். ஆழம் கூடினால் ஊதும் பளுவும் கூடும். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும், தினமும் மாற்றுங்கள், பாட்டிலையும் குழாயையும் கழுவிக் காய வையுங்கள். குழாய் வழியே உறிஞ்சவே கூடாது. சளியில் ரத்தம் வந்தவர்களும், எப்போதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

தம்பி, அப்பாவுக்குச் சளி எப்படி?

ஐந்தாம்மாடி

காலையில்தான் அதிகம், அக்கா. அரை மணி நேரம் இருமி இருமி முகம் சிவந்து, ஒரு சொட்டு வரும். அப்புறம் அப்படியே சாய்ந்துவிடுவார். ரத்தம் வந்ததில்லை.

பந்துக் கருவியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எடுத்து உறிஞ்சிப் பார்த்தார். ஒரு பந்து எழுந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

செல்வி_மோல்மீன்

எழுந்ததா! சந்தோஷம். அதற்காகவே அந்தக் கருவியை வீட்டில் வைத்திருங்கள்.

சளிக்கு இப்படிச் செய்யட்டும். முதலில் ஒரு நிமிடம் சாதாரணமாக, தளர்வாக மூச்சு. பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் உள்ளே மூன்று வினாடி மட்டும் நிறுத்தி விட வேண்டும். மறுபடி தளர்வு. அப்புறம் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல் "ஹா" என்று நீளமாக ஒரு தரம், இரண்டு தரம். இருமலில் தொண்டை மூடித் திறக்கும், அந்த வேகத்தில் குழாய்கள் நசுங்கும். "ஹா"வில் தொண்டை திறந்தே இருக்கும், சளி மேலே ஏறிவரும். தொண்டைக்கு வந்த பிறகு ஓர் இருமல் போதும். பத்து, பதினைந்து நிமிடம் இப்படி மாற்றி மாற்றி. முந்தின இரவில் தண்ணீர் போதுமான அளவு குடித்திருந்தால் சளி இளகும்.

இந்த மூன்று வினாடிக்கும் ஐயாவின் 64 மாத்திரைக்கும் வித்தியாசம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். சளிக்குப் பின்னால் காற்று போய்ச் சேரும் நேரம் அது, அவ்வளவுதான்.

பெகு_பெரியவர்

அம்மா செல்வி, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்த குரு முதல் வருடம் கும்பகமே சொல்லித்தரவில்லை. ரேசகத்தை மட்டும் நீட்டச் சொன்னார். "விடத் தெரியாதவனுக்குப் பிடிக்கத் தெரியாது" என்பார். நாற்பது வருடத்தில் அந்த முதல் வருடத்தை மறந்துவிட்டு 64ஐச் சொல்லிவிட்டேன். நோயில்லாத உடம்பின் கணக்கு அது. தம்பி, செல்வி சொன்னபடி செய்யுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், ஓங்காரமும் பிரமரியும் சொல்லலாமா? இரண்டும் வெளிமூச்சுதானே.

செல்வி_மோல்மீன்

தாராளமாக, ஐயா. வாய் மூடி "ம்ம்ம்" என்று முனகும்போது வெளிமூச்சு தானாகவே நீளும். மூக்கைச் சுற்றியுள்ள குழிகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடும் அப்போது பல மடங்கு வெளிவருகிறது. மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தியையும் கும்பகம் இல்லாமல் செய்யலாம், மூக்கடைப்பு இல்லாத நாளில். பஜனைப் பாட்டு பாடுவாரென்றால் இன்னும் நல்லது. வெளிநாடுகளில் நெஞ்சு நோயாளிகளுக்கென்றே பாட்டுக் குழுக்கள் நடத்துகிறார்கள்.

ஐந்தாம்மாடி

மேல் வீட்டுப் பர்மியப் பெரியவர் ஒருவர் தினமும் அப்பாவோடு டீ குடிக்க வருவார். மகாசி சயாடோ என்ற பர்மியத் துறவியின் முறையில் தியானம் செய்கிறவர். வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். இதுவும் வயிற்று மூச்சுப் பயிற்சியும் ஒன்றுதானா? டாக்டர் ஒருவர் வயிற்றால் மூச்சு விடச் சொன்னபோது அப்பாவுக்குத் திணறல் அதிகமானது. அதனால் பயமாக இருக்கிறது.

செல்வி_மோல்மீன்

நல்ல கேள்வி. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றில்லை. தியானத்தில் மூச்சை மாற்றுவதில்லை, எப்படி வருகிறதோ அப்படியே கவனிக்கிறார்கள். அதனால் நெஞ்சு வேலை கூடாது. மூச்சு முட்டப் போகிறதோ என்ற பயம் குறையும். பயம் குறைந்தால் வேக மூச்சும் குறையும். அவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

வயிற்று மூச்சில் நாமாக வயிற்றைத் தள்ளிச் செய்கிறோம். உதரவிதானம் என்ற தசை குடை மாதிரி வளைந்து இருந்தால்தான் கீழே இறங்கி வேலை செய்யும். காற்று சிக்கி நெஞ்சு உப்பியவர்களுக்கு அது ஏற்கெனவே தட்டையாக இழுபட்டுக் கிடக்கும். அதை இன்னும் கீழே தள்ளச் சொன்னால் திணறல்தான். சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு வராது. அப்பாவுக்கு வரவில்லை என்று உடம்பே சொல்லிவிட்டது, விட்டுவிடுங்கள்.

தட்டோன்_கண்ணன்

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. புத்தெய்க்கோ முறை என்று ஒன்று, 1950களில் சோவியத் நாட்டு டாக்டர் ஒருவர் கொண்டுவந்தது. மூக்கால் மட்டும், குறைவாக, மெதுவாக மூச்சு விடுவது. செய்தேன், நன்றாகவே இருந்தது. இழுப்பு குறைந்தது, அவசரத்துக்கு அடிக்கும் இன்ஹேலர் தேவைப்படவே இல்லை. அந்தத் தெம்பில் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரையும் நானே நிறுத்தினேன். மூன்றாவது வாரம், மழை கொட்டும் நடு ராத்திரியில் தம்பி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உதடு நீலமாகிவிட்டதாம். எனக்கு நினைவே இல்லை.

பயிற்சி மூச்சுத் திணறலின் உணர்வைக் குறைத்தது. குழாய்க்குள் இருந்த வீக்கம் அப்படியே இருந்தது. திணறல் தெரியாததால் வீக்கம் ஏறியதும் தெரியவில்லை. இன்றும் அந்தப் பயிற்சியைச் செய்கிறேன், கூடவே இன்ஹேலரும் ஒரு நாள் தவறாமல்.

அண்ணே, அப்பா இன்ஹேலரைச் சரியாக எடுக்கிறாரா என்று பாருங்கள். அழுத்துவதும் இழுப்பதும் சேராவிட்டால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குழல் (ஸ்பேசர்) எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு எனக்குச் செய்துகொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் இந்தப் பாட்டில் குழலைச் சோதித்து, கடைக் குழலுக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999இலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஐந்தாம்மாடி

கண்ணன், உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தத் தம்பியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்" என்றார். இன்ஹேலர் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது, புகை மாதிரி பாதி வெளியே வந்துவிடுகிறது. பாட்டில் செய்துவிட்டேன்.

அக்கா, மூன்று வாரம் ஆகிறது. "ஹா" போடுவதால் காலை இருமல் அரை மணி நேரத்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கரண்டு போனால் மட்டும் மறுபடி பயந்துவிடுகிறார். ஃபேன் நின்றதும் மூச்சும் நின்றுவிடும் என்று நினைக்கிறார். கீழே கடைகளில் ஜெனரேட்டர் போட்டதும் புகை வேறு மேலே வருகிறது.

செல்வி_மோல்மீன்

அப்பா நினைப்பது முழுக்கத் தப்பில்லை. முகத்தில், அதுவும் மூக்கையும் கன்னத்தையும் சுற்றிக் குளிர்ந்த காற்று பட்டால் மூளைக்குத் திணறல் உணர்வு குறையும். அதற்குக் கரண்டு வேண்டாம். பனையோலை விசிறி போதும், முகத்துக்கு அரை அடி தூரத்தில் மெதுவாக. அப்பா கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஒன்று இருக்கட்டும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளட்டும். தோள் தசைகளுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் தெருப்பக்கக் கதவைச் சாத்துங்கள். வீட்டில் கரி அடுப்பும் சாம்பிராணியும் அப்பா இருக்கும் அறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தானே என்று அம்மாக்கள் சொல்வார்கள், எங்கள் அம்மாவும் சொன்னார். திணறலைக் கிளப்ப அந்த ஒரு நாள் புகை போதும்.

இனி படிக்கு வருவோம். உட்கார்ந்து செய்யும் பயிற்சி மட்டும் அவரைக் கீழே கொண்டுபோகாது. நான்கு மாதம் நடக்காத கால், கொஞ்சம் வேலைக்கே நிறைய ஆக்ஸிஜன் கேட்கும். காலைப் பழக்கினால் அதே நுரையீரலில் அதிக தூரம் போகலாம். நெஞ்சு நோயாளிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுக்கும் மறுவாழ்வுப் பயிற்சியில் பெரும்பங்கு நடையும் கால் பயிற்சியும்தான். முதலில் டாக்டரிடம் சொல்லி இதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சரி என்றால் இந்த வாரம் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும். எழும்போது வெளிமூச்சு, எப்போதும் பளுவுக்கு வெளிமூச்சு. கயிற்றை இழுக்கும்போதும் அப்படியே.

படியில் நின்று மூச்சை இழுக்க வேண்டும், ஏறிக்கொண்டே விட வேண்டும். ஒரு வெளிமூச்சுக்கு ஒன்று அல்லது இரண்டு படி. முடிந்ததும் நிற்க வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் அன்றைக்கு அது போதும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், உதடு நீலம் என்றால் உடனே டாக்டர். காய்ச்சல், எடை குறைவு, புதிதாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ச் சோதனை மறுபடி. மியன்மாவில் இருக்கிற நாம் அதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

வியாசர்பாடி_பர்மா

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி வாங்கலாமா? அம்மாவுக்கு வைத்திருந்தோம்.

செல்வி_மோல்மீன்

வாங்கலாம். உட்கார்ந்து இளைப்பாறும்போதே 90க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் குறையும் அந்தக் கருவிகளுக்கு உண்டு. ஆளின் முகத்தைப் பாருங்கள், எண்ணைப் பிறகு பாருங்கள்.

ஐந்தாம்மாடி

ஏழாவது வாரம். டாக்டர் இதயத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னார். முதல் வாரம் வீட்டுக்குள் நடை, அடுத்தது வாசல், பிறகு நான்காம் மாடி வரை இறங்கி ஏறினார். மூன்றாம் மாடிச் சீனக் குடும்பத்திடம் கேட்டேன், படி திரும்பும் இடத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். மேல் வீட்டுப் பர்மியப் பெரியவர் தினமும் அப்பாவுக்கு ஒரு படி முன்னால் இறங்கிப் போகிறார், விசிறி அவர் கையில்.

இன்று காலை ஆறரைக்கு இரண்டு பேரும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பால்கனியில் மணி அசையும் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், கீழே தெருவில் அப்பா நிற்கிறார். கிளிப்பில் மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலத்தை மாட்டிவிட்டு, இழு என்று கை காட்டினார்.

நான் இழுத்தேன்.

பெகு_பெரியவர்

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

செல்வி_மோல்மீன்

ஏறியது எப்படி? எத்தனை இடத்தில் நின்றார்? இறங்குவது சுலபம், அதனால்தான் கேட்கிறேன்.

ஐந்தாம்மாடி

நானும் இறங்கிப் போய்க் கூடவே ஏறினேன், அக்கா. ஒரு மூச்சுக்கு இரண்டு படி வீதம். ஒவ்வொரு மாடியிலும் நின்றார், மூன்றாம் மாடி முக்காலியில் உட்கார்ந்தார். மொத்தம் 24 நிமிடம். கடைசி மாடியில் அவசரப்பட்டு மூன்று படி ஏறப் பார்த்தார், பெரியவர் விசிறியால் தடுத்துவிட்டார். மேலே வந்து உட்கார்ந்ததும் 91 காட்டியது, ஐந்து நிமிடத்தில் 94. மொகிங்கா ஆறிப்போயிருந்தது, சூடு பண்ணிக் கொடுத்தேன்.

செல்வி_மோல்மீன்

நல்லது. நாளைக்கு ஓய்வு, நாளை மறுநாள் மறுபடி. முதலாம் மாடியிலும் ஒரு முக்காலிக்குக் கேட்டுப் பாருங்கள்.